கண்ணாடிக் கூட்டில் உப்புக்கண்டம்

உங்கள் மடியில் இருக்கிற மஞ்சள் பையில் கருவாடுதானே அண்ணாச்சி? இருங்கள், நீங்கள் சொல்ல வேண்டாம், நானே சொல்கிறேன். நெத்திலி இல்லை, சாளை. மூன்று வெயில் பார்த்தது. நான்காவது வெயிலும் காட்டியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். பெண்கள் கையால் உப்பு வைத்தது. ஆண்கள் வைத்தால் உப்பு ஒரே இடத்தில் திட்டாக நின்றுவிடும்.

சிரிக்கிறீர்கள். அப்படியென்றால் சரிதான்.

தப்பாக நினைக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்தவரின் பையை மோந்து பார்க்கிற ஆள் இல்லை நான். பழக்கம் விடமாட்டேன் என்கிறது. நீங்கள் எங்கே இறங்க வேண்டும்? கடைசி வரைக்குமா? நான் ரேஞ்சர் ஆபீஸ் ஸ்டாப்பில் இறங்குகிறேன். ரயில்வே கேட்டைத் தாண்டி இரண்டாவது. ஏழு மாதமாகத் திங்கள்கிழமை தவறாமல் இதே ஒன்பது மணி வண்டியில்தான் வருகிறேன். போய் நோட்டில் கையெழுத்துப் போடுவேன், அடுத்த வண்டியில் திரும்புவேன். ஜாமீன் நிபந்தனை. பையை அந்தப் பக்கம் நகர்த்த வேண்டாம் அண்ணாச்சி, கொலையும் இல்லை, களவும் இல்லை. வாய். வாயால் வந்த கேஸ்.

இன்றைக்குக் கையெழுத்து கிடையாது. போன வியாழக்கிழமையோடு அது முடிந்துவிட்டது, இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆனாலும் போகிறேன். எதற்குப் போகிறேன் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. யாரிடமாவது சொல்லிவிட்டு இறங்கினால் தேவலை என்று இருக்கிறது. உங்களுக்கு என்னைத் தெரியாது, எனக்கு உங்களைத் தெரியாது. அது வசதிதானே?

என் பெயர் குருவையா. கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். இருபத்தொன்பது வருட சர்வீஸ், இப்போது சஸ்பெண்டில் இருக்கிறேன். ஆனால் எங்கள் பக்கத்தில் யாரும் என்னைச் சங்கத்து எழுத்தர் என்று சொல்ல மாட்டார்கள். நாக்குக் குருவையா என்றால்தான் தெரியும். கோயில் கொடையோ, காதுகுத்தோ, கறிச்சோறு போடுகிற எந்த வீடாக இருந்தாலும் முதல் இலை எனக்குத்தான். நான் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுவிட்டுச் சொல்ல வேண்டும். கிடாயா பெட்டையா, வயது என்ன, உடைமரத்து நெற்று தின்ற ஆடா, வாழை இலை தின்ற ஆடா. நான் சொல்லும்வரை பந்தியில் யாரும் கை வைக்க மாட்டார்கள். நூறு பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்படி ஒரு நிமிஷம் உங்களுக்குக் கிடைத்திருக்கிறதா அண்ணாச்சி? கிடைக்காமல் இருந்தால் நல்லது.

ஒரு கல்யாண வீட்டில் வெள்ளாட்டுக் கறியில் செம்மறியைக் கலந்துவிட்டான் சமையல்காரன். ஒரு வாய்தான். இலையிலேயே ஆறு துண்டைத் தனியாக ஒதுக்கி வைத்து, இதெல்லாம் செம்மறி என்றேன். மாப்பிள்ளை வீட்டார் எழுந்துவிட்டார்கள். அந்த ஆள் அதற்குப் பிறகு எங்கள் பக்கம் கரண்டி பிடிக்கவில்லை. திருப்பூரில் பரோட்டாக் கடையில் மேஜை துடைக்கிறான் என்று கேள்வி. நல்ல கைப்பக்குவம், பாவம்.

ஆடு, கோழி மட்டும் தின்று இந்த நாக்கு வந்துவிடவில்லை. சின்ன வயதில் கிடைத்ததெல்லாம் தின்றிருக்கிறேன். அப்போது சட்டம் தெரியாது, தெரிந்தாலும் பசி இருந்தது. உடும்பு கோழிக்கும் மீனுக்கும் நடுவில் இருக்கும். அறுப்புக் காலத்து வயல் எலியில் பச்சரிசி வாசம் வரும், நம்ப மாட்டீர்கள். வௌவால் எந்தப் பழத்தைத் தின்றதோ அந்தப் பழம் கறியில் இருக்கும், நாவல் காலத்தில் அடித்தால் லேசாகத் துவர்க்கும். ஈசலை வறுத்தால் வெண்ணெய் வாசம். முள்ளம்பன்றி தோல் தடிமன், பல்லுக்கு வேலை. எல்லாம் இங்கே எழுதி வைத்த மாதிரி இருக்கிறது, இந்த நாக்கில். மிளா மட்டும் ஒரு தடவைதான். எனக்குப் பத்தொன்பது வயது, மாமா வீட்டில், ஒரு சின்னத் துண்டு. கடமான் என்று நீங்கள் சொல்வீர்களாக இருக்கும். முப்பத்தேழு வருடம் ஆகிவிட்டது. ஒரு தடவையானால் என்ன? என் நாக்கு மறக்காது.

இப்போது கேஸுக்கு வருகிறேன்.

எனக்கு ஒரே மகள், பொன்மாரி. இரண்டு வருடத்துக்கு முன்னால் மலையடிவாரத்தில் ஒரு ஊரில் கொடுத்தோம். மாப்பிள்ளை சேர்மத்துரை, டிராக்டர் வைத்து உழவு ஓட்டுகிறார். தங்கமான பையன். அவருடைய அப்பா ஊர்க்காவலன், என் சம்பந்தி. எலுமிச்சைத் தோட்டம், பத்து உருப்படி ஆடு. தோட்டத்து வேலியைத் தாண்டினால் காடு. அவரைப் பற்றி அரசல்புரசலாக ஒரு பேச்சு உண்டு. இளவட்டமாக இருந்தபோது துப்பாக்கி வைத்திருந்தார் என்று. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அந்தப் பக்கத்தில் யாரைப் பற்றி அப்படிச் சொல்லவில்லை?

நிச்சயதார்த்தத்தன்று எங்கள் வீட்டில் கறிச்சோறு. வழக்கம்போல முதல் இலை எனக்கு வந்தது. நான் வாயில் போட்டுவிட்டு, ஒன்றே முக்கால் வயதுக் கிடா என்றேன். எல்லோரும் சாப்பிட ஆரம்பித்தார்கள். ஊர்க்காவலன் மட்டும் ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "வயசெல்லாம் சரிதான் சம்பந்தி, கறியில உப்பு இல்லையே, அத நாக்கு சொல்லலையா?" என்றார். பந்தி முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். உண்மையிலேயே உப்பு இல்லை.

அது ஏன் எனக்குத் தெரியவில்லை என்று கேட்கிறீர்களா? ஊரெல்லாம் காய்ச்சல் வந்து மூக்கும் நாக்கும் போனது நினைவிருக்கிறதா? எனக்கும் போனது. கறியும் காகிதமும் ஒன்றாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, வீட்டில்கூட. அந்த நேரத்திலும் நாலு பந்தியில் கூப்பிட்டார்கள். எலும்பின் தடிமனையும் கொழுப்பின் நிறத்தையும் பார்த்துக் கண்ணாலேயே சொன்னேன். நாலும் சரியாக வந்தது. பிறகு நாக்கு திரும்பி வந்துவிட்டது. முழுசாக இல்லை, முக்கால்வாசி. என் முக்கால்வாசி மற்றவர்களின் முழுசைவிட அதிகம் அண்ணாச்சி. நிச்சயதார்த்தத்தன்று ஏதோ கவனப்பிசகு, அவ்வளவுதான்.

பொன்மாரிக்கு ஏழாம் மாதம் எங்கள் வீட்டில் வளைகாப்பு. எங்கள் ஆட்களில் ஒரு வழக்கம் உண்டு. மருமகளைப் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்பும்போது மாமனார் வீட்டில் ஒரு ஆடு அறுத்து உப்புக்கண்டம் போட்டுச் சரமாகக் கொடுத்தனுப்புவார்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியத்துக்கு ஆகும். கறியை நீளநீளமாகக் கீறி, உப்பும் மஞ்சளும் தடவி, நூலில் கோத்து வெயிலில் கட்ட வேண்டும். காக்காய்க்குக் காவல் இருந்து, பனி விழுவதற்குள் எடுத்து, மறுநாள் மறுபடி கட்டி, எட்டு ஒன்பது வெயில் காட்ட வேண்டும். காய்ந்த பிறகு அது ஆடா மாடா என்று கண்ணால் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே முறுக்கு. எலும்பும் இல்லை, கொழுப்பும் இல்லை.

ஊர்க்காவலன் ஒரு ஆள் உயரத்துக்கு இரண்டு சரம் கொண்டுவந்திருந்தார். "என் தோட்டத்துல வளந்த ஆடு. மருமகளுக்குன்னே அறுத்தேன்" என்று என் மனைவி பிச்சம்மாள் கையில் கொடுத்தார். அவள் அதில் கொஞ்சம் எடுத்து, கல்லில் வைத்துத் தட்டி, அன்றைய பந்திக்கே எண்ணெயில் பொரித்துவிட்டாள். வளையல் அடுக்கிய கையோடு பொன்மாரி பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நாற்பது பேர் இருப்பார்கள்.

முதல் துண்டு எனக்கு வந்தது.

வாயில் போட்டேன். மென்றேன். மென்றுகொண்டே இருந்தேன். என் மைத்துனன் கோமதிநாயகம் எதிரில் இருந்தான். செல்போனைத் தூக்கி என்னைப் படம் பிடித்துக்கொண்டே, "என்னத்தான், ரொம்ப நேரமா மெல்லுதீங்க, நாக்கு லீவு போட்ருச்சா?" என்றான். ஊர்க்காவலன் அவன் பக்கம் திரும்பி, "விடுங்க தம்பி, இதுல உப்பு இருக்கு. சம்பந்திக்குப் புதுசா இருக்கும்" என்றார். மறுபடியும் சிரிப்பு.

அப்போது சொன்னேன். "இது ஆடு இல்லை."

சிரிப்பு நின்றுவிட்டது. "பெறவு?" என்றான் கோமதிநாயகம்.

"மிளா."

எப்படி ஒரு அமைதி வந்தது என்கிறீர்கள். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் ஊற்றுவதை நிறுத்திவிட்டாள். நாற்பது பேரும் என் வாயைப் பார்த்தார்கள். அத்தோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஏழு மாதமாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். நான் இன்னொரு தடவை மென்றேன். "பெட்டை மிளா" என்றேன். பிறகு, "சினையாக இருந்தது" என்றேன்.

பெண்கள் வரிசையில் யாரோ வாயில் இருந்ததைத் துப்புகிற சத்தம் கேட்டது. அது பொன்மாரி.

என்ன, வண்டி நின்றுவிட்டதா? கேட் போட்டுவிட்டார்கள். இந்த நேரத்துக்குச் சரக்கு ரயில் ஒன்று உண்டு. போட்டால் கால் மணி நேரம், சில நாள் அதற்கு மேலும் ஆகும். இன்றைக்கு மணி என்ன? பத்து அடிக்கப் போகிறது. பத்தரைக்கு மேல் வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள். சொல்கிறேன், அதையும் சொல்கிறேன்.

கோமதிநாயகம் அந்தப் படத்தை அன்றைக்கே யாருக்கோ அனுப்பினான். "அத்தான் பெருமைய நாலு பேரு பாக்கட்டுமேன்னு அனுப்புனேன்" என்று பிறகு அழுதான். நாலு பேர் நாலாயிரம் ஆகிவிட்டது. மூன்றாம் நாள் வனத்துறை ஜீப் எங்கள் வாசலில் வந்து நின்றது. சமையலறையில் தொங்கிய சரத்தை எடுத்து எடை போட்டு, சாக்கில் வைத்து அரக்கு முத்திரை வைத்தார்கள். வைத்திருந்த குற்றத்துக்கு நான், கொடுத்த குற்றத்துக்கு ஊர்க்காவலன். ஒரு துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு எங்கள் இருவரையும் கிளைச் சிறையில் ஒரே அறையில் அடைத்தார்கள். பதினெட்டு நாள்.

சம்பந்தியோடு பதினெட்டு நாள் ஒரே அறையில் இருப்பது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். முதல் இரண்டு நாள் அவர் பேசவில்லை. மூன்றாம் நாள் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "சம்பந்தி, வெளையாட்டுக்குத்தானே சொன்னிய?"

நான் பாயைச் சுருட்டி ஓரமாக வைத்தேன்.

"அது எங்க வீட்டு ஆடுய்யா. வெள்ளச்சின்னு பேரு. நம்ம பொன்மாரிதான் அதுக்குத் தழை போடுவா. அவகிட்ட வேணா கேளுங்க. வெளையாட்டுக்குச் சொன்னேன்னு ரேஞ்சர்ட்ட ஒரு வார்த்த சொல்லுங்க, ரெண்டு பேரும் வீட்டுக்குப் போவோம்."

"வெள்ளச்சி சினையாக இருந்ததா?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. சோறு வரும்போது என் தட்டை மட்டும் என் பக்கம் தள்ளி வைப்பார்.

நான் ஏன் அப்படிச் சொல்லவில்லை? பொய் சொல்லக் கூடாது என்பதற்காகத்தான் என்று அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால் அது முழுசும் உண்மையா என்று தெரியவில்லை. சங்கத்தில் எத்தனை பொய்க் கணக்குக்குப் பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் ஏன் அரிச்சந்திரன் ஆனேன்?

ரேஞ்சர் வேறு விதமாகப் பேசினார். நல்ல மனிதர், சின்ன வயது. "பெருசு, நீங்க சாட்சியா மாறிடுங்க. அவருதான் குடுத்தாரு, தின்னதும் மிளான்னு தெரிஞ்சுதுன்னு எழுதிக் குடுங்க. உங்கள விட்ருவோம்" என்றார். அதையும் நான் செய்யவில்லை. மகளின் மாமனாரைக் காட்டிக் கொடுப்பேனா? ஆக, ஆடு என்றும் சொல்ல மாட்டேன், மிளா என்றும் எழுதிக் கொடுக்க மாட்டேன். இரண்டு பக்கமும் கதவைச் சாத்தி நடுவில் உட்கார்ந்துகொண்டேன். யாரும் என்னை உள்ளே தள்ளவில்லை அண்ணாச்சி. இந்த ரயில்வே கேட்டையாவது இன்னொருவன் மூடுகிறான்.

பேரன் பிறந்தான். மாப்பிள்ளை ஆஸ்பத்திரிக்கு வந்து வாசலில் நின்றே பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போனார். அவருடைய அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். அதே நாற்பது பேர் முன்னால், அதே பந்தியில் உட்கார்ந்து, நான் சொன்னது வெறும் வாய்ப்பேச்சு என்று குருவையா சொல்லட்டும், அன்றைக்கே மருமகளையும் பிள்ளையையும் கூட்டிப் போகிறோம் என்று. நியாயமான கோரிக்கைதான். பிச்சம்மாள் என் காலைக்கூடப் பிடித்தாள். நான் முடியாது என்றதும் எழுந்து முந்தானையை உதறினாள். "அந்த நாக்குக்கு ஒரு தாலியக் கட்டி அதோடயே குடும்பம் நடத்துங்க" என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கறி கிடையாது. பருப்பு, ரசம், கீரை.

பொன்மாரி என்னோடு சண்டை போடவில்லை. அவள் அப்படிப்பட்ட பிள்ளை இல்லை. பிள்ளைக்கு நாலு மாதம் ஆகியிருந்தபோது ஒருநாள் தொட்டிலை ஆட்டிக்கொண்டே கேட்டாள். "அப்பா, மிளான்னு சொன்னது சரி. உங்களுக்கு அப்படித் தோணுச்சு, சொன்னீங்க. சினைன்னு ஏம்ப்பா சொன்னீங்க?"

"தோன்றியது, சொன்னேன்."

"நான் எதுத்தாப்புல உக்காந்திருந்தேன்லா?" என்றாள். "பெறவு ரெண்டு மாசமும், இவன் வயித்துல கொஞ்ச நேரம் அசையலைன்னா நான் செத்துப் போயிருவேன்ப்பா. அந்தக் குட்டிதான் கண்ணு முன்னால வரும்."

நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். எங்கே போனேன் என்று நினைவில்லை.

சினை என்று ஏன் சொன்னேன்? சினை ஆட்டுக் கறி கொஞ்சம் நீர்த்திருக்கும், ஒரு இனிப்பு இருக்கும். ஆனால் ஒன்பது வெயில் பார்த்த கண்டத்தில் நீர் ஏது, இனிப்பு ஏது? அன்றைக்கு அந்த இனிப்பு இருந்ததா? இருந்தது என்றுதான் நினைக்கிறேன். இல்லை, மிளா என்றதும் ஒரு அமைதி வந்ததே, அந்த அமைதி எனக்குப் போதவில்லையா? ஊர்க்காவலனின் முகம் இன்னும் கொஞ்சம் விழட்டும் என்று இருந்ததா? எனக்குத் தெரியவில்லை. உங்களிடம் மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது? தெரியவில்லை.

வியாழக்கிழமை பரிசோதனை முடிவு வந்தது. ரேஞ்சர் இருவரையும் கூப்பிட்டார். நாலு பக்கத்தில் ஒரே வரிதான் எங்களுக்குப் புரிந்தது. வெள்ளாடு. வீட்டு ஆடு.

ரேஞ்சர் சிரித்துவிட்டார். "என்ன பெருசு, ஏழு மாசம் எங்களையும் ஆட்டுக்குப் பின்னால அலைய வச்சிட்டீங்களே. கேஸ முடிச்சிடுறோம். இனிமே கையெழுத்துக்கு வர வேண்டாம்" என்றார். கடிதம் கிடைத்ததும் சங்கத்தில் திரும்பவும் வேலைக்குச் சேர்த்துக்கொள்வார்கள். ஊர்க்காவலன் துண்டால் கண்ணைத் துடைத்தார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். எதிர்பார்க்கவே இல்லை. "விடுங்க சம்பந்தி. வாய் தவறிருச்சு. யாருக்கும் வாறதுதான். திங்கக்கெழம பத்தரைக்கு மேல வந்து மருமகளையும் பேரனையும் கூட்டிட்டுப் போறோம். பந்தியும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம்" என்றார்.

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். இரண்டு அறை அறைந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். வாய் தவறிருச்சு என்று சொல்லிவிட்டார்.

மூன்று நாளாக எனக்கு உள்ளே அதுதான் ஓடுகிறது. எப்படித் தவறும்? அனுப்பிய துண்டு மாறியிருக்கலாம். வழியில் யாராவது மாற்றியிருக்கலாம். காட்டோரத்து ஆட்களுக்கு எத்தனை பழக்கம், எத்தனை கை. நேற்று உட்கார்ந்து மனு எழுதினேன். மறுபரிசோதனை கோரி. இதோ, சட்டைப் பையில் இருக்கிறது. கையெழுத்து அழகாக இருக்கும் எனக்கு. மனு மட்டும் இல்லை. இந்தக் கண்ணாடிக் கூட்டைப் பாருங்கள். கண்ணாடி மூக்கில் இருக்கிறது, கூட்டில் என்ன என்று பார்க்கிறீர்களா? ஒரு துண்டு. சரத்திலிருந்து அறுந்து அரிசி டிரம்முக்குப் பின்னால் விழுந்து கிடந்தது. ஜீப் வந்த அன்று யாரும் பார்க்கவில்லை. ஜாமீனில் வந்த பிறகு எனக்குத்தான் கிடைத்தது. சாட்சியாக மூடி வைத்திருக்கிறேன். இதைக் கொடுத்து, இதைச் சோதித்துப் பாருங்கள் என்று சொல்லப் போகிறேன்.

காலையில் கிளம்பும்போது பொன்மாரி பிள்ளைக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டிருந்தாள். நான்கைந்து மாதமாகத் தலையை ஏனோதானோ என்று முடிந்துகொண்டிருந்தவள், இன்றைக்குப் பூ வைத்திருந்தாள். "இன்னைக்கும் ஆபீஸாப்பா? அவுக பத்தரைக்கு வந்துருவாக" என்றாள். ஒரு காகிதம் திருப்பிக் கொடுக்க வேண்டும், வந்துவிடுவேன் என்றேன். "சீக்கிரம் வந்துருங்க. நீங்க இல்லாம நான் எப்படிப் படியிறங்குவேன்?" என்றாள்.

நான் இந்த மனுவைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? கேஸ் மறுபடி திறக்கும். ஊர்க்காவலன் மறுபடி உள்ளே போவார், நானும் போவேன். மாப்பிள்ளை இந்த முறை வாசலுக்குக்கூட வர மாட்டார். அவள் பூவை எடுத்து வைத்துவிட்டுப் பிள்ளையின் சட்டையைக் கழற்றி மடித்து வைப்பாள். எல்லாம் தெரிந்துதான் வண்டி ஏறினேன். உண்மை என்று ஒன்று இருக்கிறதே அண்ணாச்சி. ஒரு மனிதனுக்கு இருப்பது ஒன்றுதான், அதையும் வாய் தவறியது என்று சொல்லிவிட்டுப் போனால் மிச்சம் என்ன இருக்கிறது?

என்ன கேட்டீர்கள்? இந்தத் துண்டை நான் தின்று பார்த்தேனா என்றா?

இல்லை. சாட்சியைத் தின்ன முடியுமா?

ஓரத்தில் ஒரு நகக்கண் அளவு கிள்ளிப் பார்த்திருக்கலாம் என்கிறீர்கள். பார்த்திருக்கலாம். இத்தனை நாள் இந்தக் கூட்டைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். திறப்பேன், பார்ப்பேன், மூடிவிடுவேன். ஒரு நாள்கூட நாக்கில் வைக்கவில்லை. இப்போது நீங்கள் கேட்ட பிறகுதான் அது எனக்கே விசித்திரமாக இருக்கிறது.

பையை ஏன் திறக்கிறீர்கள்? சாளையை எனக்குக் காட்ட வேண்டியதில்லை. நான்தான் சொல்லிவிட்டேனே.

என்ன இது?

மோர்மிளகாயா?

முழுப் பையும் மோர்மிளகாய்தானா? அடியில் வேறு ஒன்றும் இல்லையா? உங்கள் வீட்டில் போட்டது. உப்பும் மோரும் வெயிலும். மீன் பக்கத்திலேயே வரவில்லை. நான் பேச ஆரம்பித்தபோதே நீங்கள் சொல்லியிருக்கலாம். சிரித்தீர்களே, அது அதற்குத்தானா? இல்லை, உங்களைக் குறை சொல்லவில்லை. நான்தான் சொல்ல வேண்டாம் என்று சொன்னேன். நான் யாரையும் சொல்ல விட்டதே இல்லை.

எனக்கு உப்பு வாசம் வந்தது. வெயில் வாசம் வந்தது. மீதியெல்லாம், சாளை, மூன்று வெயில், பெண்கள் கை, அதெல்லாம் எங்கிருந்து வந்தது?

கொஞ்சம் பொறுங்கள். இந்தக் கூட்டைப் பிடியுங்கள், துண்டை எடுக்கிறேன். கிள்ளவில்லை, முழுசாகவே போடுகிறேன். பல்லுக்குக் கல் மாதிரி இருக்கிறது, ஊற வேண்டும்.

உப்பு.

பொறுங்கள், முதலில் உப்புதான் வரும். எந்தக் கண்டத்திலும் அப்படித்தான். அதற்குப் பின்னால்தான் கறி பேசும். மெல்ல வேண்டும்.

உப்புதான்.

பழசல்லவா, ஏழு மாதம். இல்லை. கண்டம் வருடக் கணக்கில் இருக்கும், அதற்காகத்தானே உப்புப் போடுகிறோம். இன்னும் கொஞ்சம் மெல்கிறேன். வெள்ளாடு என்றால் ஒரு மொச்சை வாடை வர வேண்டும். மிளா என்றால் ஒரு இரும்பு வாசம் வர வேண்டும். இரண்டும் இல்லை. இனிப்பும் இல்லை. எலியோ, உடும்போ, காகிதமோ, எதைச் சொன்னாலும் சரி என்று ஒத்துக்கொள்ளும் போலிருக்கிறது. அன்றைக்கும் இப்படித்தான் இருந்திருக்கும், இல்லையா? இவ்வளவு உப்புதான். இதை வைத்துக்கொண்டுதான் பொன்மாரி முன்னால் உட்கார்ந்து அதைச் சொன்னேன்.

ரயில் போய்விட்டது போலிருக்கிறது. கேட்டைத் தூக்குகிறார்கள். வண்டி நகர்கிறது. இங்கிருந்து இரண்டாவது ஸ்டாப்.

இன்னும் விழுங்கவில்லை. விழுங்கினால் சாட்சி போய்விடும். துப்பினால் இருக்கும். இரண்டில் ஒன்றுதான்.

திரும்புகிற வண்டி எதிரில் எத்தனை மணிக்கு வரும் என்று தெரியுமா? பத்து இருபதா? ஏறினால் அவர்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதற்குள் போய்ச் சேரலாம். அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிடுகிறேன், அதுவரை இதை மென்றுகொண்டிருக்கிறேன். கண்டக்டர் கேட்கிறார் பாருங்கள். ரேஞ்சர் ஆபீஸ் யாராவது இறங்குகிறார்களா என்று. என் வாய் நிறைய இருக்கிறது அண்ணாச்சி. இறங்க ஆள் இல்லை என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.